ஜலதரங்கம்: வீட்டிலேயே தானாகக் கற்றுக்கொள்ள முழுமையான வழிகாட்டி

பீங்கான் கிண்ணங்கள், தண்ணீர், இரண்டு மூங்கில் குச்சிகள். கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, விளிம்பைக் குச்சியால் தட்டி வாசிக்கும் ஜலதரங்கத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். செலவு குறைவு, சாமான்களும் எளிது என்பதால் பலரும் ஆசையாகத் தொடங்குகிறார்கள். இரண்டாவது வாரத்திலேயே கிண்ணங்கள் சமையலறைக்குத் திரும்பிவிடுகின்றன. கை வராததால் விட்டவர்கள் குறைவு. சுருதி சேராததால் விட்டவர்கள்தான் அதிகம். வீணையோ வயலினோ பெட்டியிலிருந்து எடுத்ததும் வாத்தியம். ஜலதரங்கத்தில் தினமும் வாத்தியத்தைச் செய்த பிறகுதான் வாசிக்க முடியும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

ஸ-ரி-க-ம என்று ஏறி இறங்கும் முதல் பாடமான சரளி வரிசையை வாயால் ஓரளவு சுருதியோடு பாட வருமென்றால் தாராளமாகத் தொடங்கலாம். பாட்டே தெரியாதென்றால், கிண்ணம் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் போனில் தம்புரா ஆப்பைப் (ஆதார சுருதியை இடைவிடாமல் ஒலிப்பது) போட்டுக்கொண்டு ஸ-ப-ஸ் (ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம்) மட்டுமாவது பாடிப் பழகுங்கள்.

கிண்ணம் வாங்குவது

முதலில் வீட்டில் ஒரு சோதனை. கைப்பிடி வைத்த பீங்கான் காபி கப்பை மேசையில் வைத்து, பென்சிலால் விளிம்பைத் தட்டுங்கள். கைப்பிடிக்கு நேர் மேலே தட்டினால் ஒரு சுருதி வரும். அங்கிருந்து எட்டில் ஒரு வட்டம் தள்ளித் தட்டினால் அதைவிடச் சற்று ஏறிய சுருதி வரும். ஒரே கப், இரண்டு சுரம்! விளிம்பு நாலு பாகமாகப் பிரிந்து உள்ளும் வெளியும் அசைகிறது. முதல் இடத்தில் தட்டும்போது கைப்பிடியின் எடையும் சேர்ந்து ஆடுவதால் சுருதி இறங்குகிறது. இரண்டாவது இடத்தில் தட்டும்போது கைப்பிடி அசையாத இடத்தில் நிற்கிறது, அதனால் ஏறுகிறது.

கைப்பிடி உள்ள எதுவும் ஜலதரங்கத்துக்கு ஆகாது என்பது இதில் தெரிந்துவிட்டது. கைப்பிடி இல்லாத கிண்ணத்திலும் ஒரு பக்கம் மயிரிழை தடிமனாக இருந்தால் இதே கதைதான், அளவில் சிறியதாக. இரண்டு சுருதிகளும் மிக நெருக்கமாக வரும். நாதம் நேராக நிற்காமல் ‘வொய்ங் வொய்ங்’ என்று அலையும். அதற்குத் தீர்வு உண்டு, கீழே வருகிறது.

கடைக்குப் போகும்போது பென்சில், ட்யூனர் ஆப் (கேட்கும் சுரத்தின் பெயரைக் காட்டுவது) போட்ட போன், ஒட்டுக் காகிதம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம் 7 செ.மீ. முதல் 15 செ.மீ. வரை உள்ள வட்டமான பீங்கான் கிண்ணங்களைப் பாருங்கள். சுவர் மெல்லியதாகவும், விளிம்பு மடிப்பில்லாமலும், அடியில் நிற்பதற்கு வளையத்தோடும் இருக்க வேண்டும். மெலமைன் கிண்ணம் பார்வைக்குப் பீங்கான் மாதிரியே இருக்கும், தட்டினால் ‘டொக்’. எவர்சில்வர் வேண்டாம், காது கூசும்.

கிண்ணத்தின் அடியை மூன்று விரல் நுனியில் ஏந்தி விளிம்பைத் தட்டுங்கள். மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி முடிக்கும் வரையாவது நாதம் நிற்க வேண்டும். ‘லொட்’ என்று ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது; கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எடுக்காதீர்கள். தேறிய ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுக் காகிதத்தில் அதன் வெற்றுச் சுருதியை (தண்ணீர் இல்லாதபோது வருவதை) எழுதி ஒட்டுங்கள். வாசிக்க 9 கிண்ணங்கள் போதும். வாங்கும்போது 12 வாங்குங்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றியதும் இரண்டு மூன்று கழிந்துபோவது வழக்கம்.

எட்டு சுரத்துக்கு எதற்கு ஒன்பது என்று தோன்றும். தொடக்கக் கீதங்களிலேயே (எளிய முதல் பாட்டுகளிலேயே) தார ஸ்தாயி (மேல் வரிசை) ரிஷபம் வந்துவிடுகிறது, அதற்குத்தான். ‘சங்கீத சார’ என்ற பழைய நூல் 22 கிண்ணம் கொண்டதே முழுமையான ஜலதரங்கம் என்கிறது. அந்த ஆசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கிண்ணத்துக்கு எந்தச் சுரம்

ஒரு விதியை மறக்கக் கூடாது: தண்ணீர் சேர்த்தால் சுருதி இறங்கும், எடுத்தால் ஏறும். பாட்டில் வாயில் ஊதிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பாட்டிலில் ஊதும்போது ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றின் இடம் குறைந்து சுருதி ஏறுகிறது. இங்கே ஒலிப்பது பீங்கான் சுவர். தண்ணீர் அதற்குச் சுமை.

ஆகவே ஒவ்வொரு கிண்ணத்தின் வெற்றுச் சுருதியும், வேண்டிய சுரத்தைவிட ஒன்று முதல் இரண்டு சுரஸ்தானம் (கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் எண்ணினால் ஒவ்வொரு பொத்தானும் ஒன்று) மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் அந்தக் கிண்ணத்தை ஒன்றும் செய்ய முடியாது. தாழ்ந்த வேறொரு சுரத்துக்கு மாற்றுங்கள். முக்கால் கிண்ணத்துக்கு மேல் நிரப்பித்தான் சுரம் வருகிறது என்றால் நாதம் மங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் தண்ணீர் தெறிக்கும். அங்கே ஒரு சுற்றுப் பெரிய கிண்ணம் வேண்டும். ஒரே அளவுக் கிண்ணம் இரண்டு மூன்று இருந்தால் கவலையில்லை. வெவ்வேறு அளவு தண்ணீரில் அவையே அடுத்தடுத்த சுரங்களைத் தரும்.

முதல் ராகம் மாயாமாளவகௌளை. 5 கட்டையில் (ஸட்ஜத்தின் உயரம் ஜி) வைத்துக்கொண்டால் ட்யூனர் ஆப்பில் வர வேண்டிய எழுத்துகள் இவை: ஸட்ஜம் ஜி, சுத்த ரிஷபம் ஜி ஷார்ப், அந்தர காந்தாரம் பி, சுத்த மத்யமம் சி, பஞ்சமம் டி, சுத்த தைவதம் டி ஷார்ப், காகலி நிஷாதம் எஃப் ஷார்ப், தார ஸட்ஜம் ஜி, தார ரிஷபம் ஜி ஷார்ப். 5 கட்டைதான் என்று கட்டாயமில்லை. இருப்பதில் பெரிய கிண்ணம் பாதித் தண்ணீரில் எங்கே நிற்கிறதோ அதையே ஸட்ஜமாக வைத்து, தம்புரா ஆப்பை அதற்கு இறக்கியோ ஏற்றியோ கொள்ளலாம். துணைக்கு இன்னொருவர் வாசிக்கும் நாள் வரும்போது கட்டையைப் பற்றி யோசித்தால் போதும்.

சுருதி சேர்ப்பது

குழாய்த் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து இரண்டு மணி நேரம் வையுங்கள். காய்ச்சி ஆற வைத்தால் இன்னும் நல்லது. குழாயிலிருந்து நேராக ஊற்றினால் கரைந்திருக்கும் காற்று குமிழ் குமிழாகச் சுவரில் ஒட்டி நாதத்தை அடைத்துவிடும். குமிழ் தெரிந்தால் விரலால் உட்புறத்தை ஒருமுறை வழித்துவிடுங்கள்.

தரையில் தடிமனான பருத்தித் துணியை, பழைய போர்வையை நாலாக மடித்தது போல, விரித்து அதன்மேல் கிண்ணங்களை வையுங்கள். வெறும் தரையில் வைத்தால் அடி நடுங்கிக் கரகரக்கும். மெத்தை மாதிரி புதைகிற துணியும் ஆகாது.

பெரியது இடது கோடியில், சிறியது வலது கோடியில், அரைவட்டமாக. நடுவில் நீங்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்கையை உடலோடு வைத்தபடி குச்சியை நீட்டினால் எல்லா விளிம்பும் எட்ட வேண்டும். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் ஒரு விரல் இடைவெளி. ஒன்றையொன்று தொட்டால் பக்கத்துக் கிண்ணமும் சேர்ந்து முனகும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இப்போது ஸட்ஜக் கிண்ணம். அரை அளவு வரை தயங்காமல் ஊற்றுங்கள். தட்டிப் பார்த்தால் சுருதி கிட்டத்தட்ட வெற்றுக் கிண்ணத்தின் சுருதியிலேயே இருக்கும். தவறாகச் செய்துவிட்டோமோ என்று பலர் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். தவறில்லை. அதிகம் அசைவது விளிம்பு, அடிப்பகுதி அசைவதே இல்லை. அசையாத இடத்தில் சுமை ஏற்றி என்ன ஆகும்? தண்ணீர் விளிம்பை நெருங்க நெருங்க நிலைமை மாறும். முக்கால் அளவுக்குப் பக்கத்தில் ஒரு டீஸ்பூன்கூடச் சுருதியைத் தள்ளிவிடும். எனவே பாதிவரை டம்ளரால், அதற்குமேல் டீஸ்பூனால், கடைசியில் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக. அதிகமானால் அதே சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ளலாம். கையில் ஒரு சிறு பஞ்சும் இருக்கட்டும்.

சுரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கிண்ணத்தைத் திருப்புங்கள். முன் பார்த்த அலைதலுக்குத் தீர்வு இதுதான். கொஞ்சம் திருப்புவது, தட்டுவது, மறுபடி கொஞ்சம் திருப்புவது. கால் சுற்றுக்குள் நாதம் அலையாமல் நேராக நிற்கிற இடம் ஒன்றாவது கிடைக்கும். அந்த இடம் உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்து, வெளிப்புறத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். இனி எப்போதும் அந்தப் புள்ளியில்தான் தட்ட வேண்டும். கால் சுற்றிலும் கிடைக்கவில்லையென்றால் கிண்ணத்தை ஒதுக்கிவிடுங்கள்.

எந்த வரிசையில் சேர்ப்பது? மாயாமாளவகௌளையில் ஒரு வசதி இருக்கிறது. ஸ-ரி-க-ம நான்குக்கும் உள்ள இடைவெளியே ப-த-நி-ஸ் நான்குக்கும் இருக்கிறது. ஸ-ப, ரி-த, க-நி, ம-ஸ் என்று நான்கு ஜோடிகள். ஒவ்வொன்றும் ஸட்ஜ-பஞ்சம உறவு. முதலில் ஸ, பிறகு தார ஸ், பிறகு ப. அடுத்து ம. அதைத் தார ஸ்-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு க-வும் நி-யும் ஜோடியாக. ரி-யும் த-வும் கடைசி. ஜோடியில் இரண்டாவதைத் தட்டும்போது முதலாவதை ஸட்ஜமாக நினைத்து, பஞ்சமத்தைப் பாடிக் கேளுங்கள். தந்தி வாத்தியத்தில் பஞ்சமம் சேராவிட்டால் அலையடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். கிண்ணத்தின் உபநாதங்கள் (முக்கிய நாதத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் நாதங்கள்) தந்தியின் உபநாதங்களைப் போல ஒழுங்கானவை அல்ல, அதனால் அந்த உதவி இங்கே கிடைக்காது. குரல்தான் அளவுகோல்.

ட்யூனர் ஆப்பை எவ்வளவு நம்பலாம்? பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். கிண்ணத்தின் உபநாதத்தைப் பிடித்துக்கொண்டு சம்பந்தமில்லாத எழுத்தைக் காட்டும். பலமாகத் தட்டினால் இன்னும் மோசம். நூல் சுற்றிய குச்சியால் மெதுவாகத் தட்டி, முள் நிலைக்கும் வரை பொறுங்கள். இன்னொன்று, ஆப்பின் பூஜ்ஜியம் கீபோர்டுக்கான கணக்கு. தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் அதைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு சுரஸ்தானத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே, காகலி நிஷாதம் சுமார் 12 சென்ட் கீழே. முள் நடுவில் நின்றும் காந்தாரம் குத்துகிறதென்றால் காரணம் இதுதான். ஓரிரு சொட்டு சேர்த்து, கண்ணை மூடிக் கேளுங்கள்.

முதல் நாள் ஒன்பது கிண்ணத்துக்கும் ஒரு மணி நேரம் ஆகலாம். சேர்ந்ததும் ஒவ்வொன்றிலும் உள்ள தண்ணீரை அளவு டம்ளரில் ஊற்றி, மி.லி. கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே அளவு ஊற்றினால் சுரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சிரிஞ்ச் வேலை மட்டும் மிச்சம். இரண்டு மூன்று வாரத்தில் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

குச்சியும் கையும்

மூங்கில் குச்சி இரண்டு. நீளம் 25 செ.மீ., பென்சிலைவிடச் சற்று மெல்லிசு. இரண்டும் ஒரே எடையாக இருக்கட்டும். கணுவில்லாத துண்டாகப் பார்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். நுனியில் 1 செ.மீ. தூரத்துக்குப் பருத்தி நூலை ஒரே அடுக்காக நெருக்கிச் சுற்றி, பசை தடவிக் காய விடுங்கள். நூல் இல்லாத குச்சியின் நாதம் கூர்மையாக இருக்கும், சபைக்குச் சரி. வீட்டில் ஒரு மணி நேரம் கேட்க நூல் சுற்றியதுதான் இதம். ஸ்பூனால் தட்ட வேண்டாம், விளிம்பின் மெருகு பெயர்ந்துவிடும்.

குச்சியின் பின்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடியுங்கள். மற்ற மூன்று விரல்களும் சும்மா தழுவியிருந்தால் போதும். அசைய வேண்டியது மணிக்கட்டு. தட்டியதும் குச்சி தானாக எழும்ப வேண்டும், சூடான தோசைக்கல்லைத் தொட்ட விரல் மாதிரி. ஒரு கணம் விளிம்பில் தங்கினாலும் நாதம் அங்கேயே செத்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களிடம் கேட்கிற ‘டக் டக்’ சத்தம் பெரும்பாலும் இந்தத் தங்கலால் வருவதுதான். கிண்ணத்தின் மேல் பழி போடாதீர்கள்.

முதல் வாரம் ஸட்ஜக் கிண்ணம் ஒன்று மட்டும். மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி அல்லது ஆப்) 60-ல், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டில், வலது இடது வலது இடது என்று பத்து நிமிடம். போனில் பதிவு செய்து, எது எந்தக் கை என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் இடது கை இன்னும் தேறவில்லை. சலிப்பான வாரம்தான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்களின் சரளி வரிசை மாதக்கணக்கில் நொண்டும்.

பாடங்கள்

முதல் சரளி வரிசைக்குக் கை ஒழுங்கு இது. ஏறும்போது ஸ-வை இடது கையில் தொடங்கி இ-வ-இ-வ என்று மாற்றினால் தார ஸ் வலது கையில் முடியும். இறங்கும்போது அதே தார ஸ்-ஐ மறுபடி வலது கையாலேயே தொடங்குங்கள். வ-இ-வ-இ என்று வந்து ஸ இடது கையில் முடியும். அடுத்த சுற்று அதே இடதில் தொடங்கும். இரண்டு கோடியிலும் ஒரே கை இரண்டு முறை தட்டுவதால் நடுவில் குச்சிகள் சிக்கிக்கொள்வதில்லை. மெட்ரோனோம் 60-ல் தட்டுக்கு ஒரு சுரம் முதல் காலம், இரண்டு சுரம் இரண்டாம் காலம், நான்கு மூன்றாம் காலம். மூன்றாம் காலத்துக்கு அவசரம் இல்லை. இரண்டாம் காலத்தில் எல்லாத் தட்டும் ஒரே பலத்தில் விழ ஆரம்பித்த பிறகு போகலாம்.

ஜண்டை வரிசை இந்த வாத்தியத்துக்கென்றே செய்தது போல இருக்கும். ஸஸ ரிரி கக மம என்று ஒவ்வொரு கிண்ணத்திலும் வ-இ. ஜண்டையில் இரண்டாவது சுரத்துக்குத்தான் அழுத்தம்; அது இடது கையில் விழுவதால் பலவீனமான கைக்கு நல்ல தண்டால். தாட்டு வரிசையில் கிண்ணம் தாவ வேண்டியிருக்கும். கண் குச்சியைப் பார்க்காமல், அடுத்துப் போக வேண்டிய விளிம்பைப் பார்க்கட்டும்.

மூன்றாவது மாதவாக்கில் மலஹரி கீதம் ‘ஸ்ரீ கணநாத’. மலஹரி மாயாமாளவகௌளையின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), நிஷாதம் கிடையாது. நிஷாதக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தால் போதும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மாற்ற வேண்டாம். தார ரிஷபத்துக்கு ஒன்பதாவது கிண்ணம் ஏன் என்பது முதல் வரியிலேயே புரிந்துவிடும்.

நீண்ட சுரத்துக்கு என்ன செய்வது? கிண்ணத்தின் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும், கார்வை (சுரத்தின் நீட்சி) தானாக நிற்காது. இரண்டு குச்சிகளாலும் மெல்ல, வேகமாக மாற்றி மாற்றித் தட்டி நிரப்ப வேண்டும். தனித்தனித் தட்டாகக் கேட்டால் பலம் அதிகம், நடுவில் ஓட்டை விழுந்தால் வேகம் போதவில்லை. கமகத்துக்கு (சுரத்தை அசைத்து வளைப்பதற்கு), தட்டிய கணமே குச்சி நுனியால் நீர்ப்பரப்பை மெல்லத் தொட்டு அசைப்பார்கள். அதில் சுருதி லேசாக இறங்கி ஏறும். ஆறு மாதத்துக்கு முன்னால் இதைத் தொட வேண்டாம். சுத்தமான தட்டு வராத கையில் கமகம் வெறும் தெறிப்பாகத்தான் முடியும். ஜலதரங்கக் கலைஞர்கள் ஆனையம்பட்டி எஸ். கணேசன், சீதா துரைசாமி (1926–2013) இருவரின் வாசிப்பையும் தேடிக் கேளுங்கள். காட்சிப் பதிவு கிடைத்தால் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை மணிக்கட்டை மட்டும் கவனியுங்கள்.

ராகம் மாற்றுவது

மாயாமாளவகௌளையிலிருந்து சங்கராபரணத்துக்கு ரிஷபமும் தைவதமும் மட்டும் ஒரு சுரஸ்தானம் ஏற வேண்டும். அந்தக் கிண்ணங்களில் தண்ணீரை எடுங்கள். தார ரிஷபத்தையும் சேர்த்தால் மூன்று கிண்ணம். அங்கிருந்து கல்யாணிக்கு மத்யமத்தில் எடுக்க வேண்டும், ஒரு சுரஸ்தானம் ஏறிய பிரதி மத்யமம் வரும். ஹரிகாம்போதிக்கு சங்கராபரணத்தின் நிஷாதத்தில் சேர்க்க வேண்டும். மோகனத்துக்கு மத்யமமும் நிஷாதமும் வரிசையிலிருந்து வெளியே. வெற்றுக் கிண்ணமாகியும் சுரம் எட்டவில்லை என்றால் அதற்காகத்தான் அந்தக் கூடுதல் மூன்று கிண்ணங்கள்.

இடையில் சுருதி கலைந்தால்

அரை மணி வாசித்ததும் எல்லாமே கொஞ்சம் ஏறியிருப்பது போலத் தோன்றினால் தோற்றமில்லை, உண்மைதான். ஆவியாவதும் தெறிப்பதும் தண்ணீரைக் குறைக்கின்றன. சின்னக் கிண்ணங்கள் முதலில் கலையும், ஒரு சொட்டுக்கே அசைபவை அவை. ஒன்று மட்டும் திடீரென மங்கினால் குமிழைப் பாருங்கள். அடுத்து, பக்கத்துக் கிண்ணத்தைத் தொடுகிறதா. அடுத்து, புள்ளி இடம் மாறித் திரும்பியிருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால் தண்ணீரைக் கொட்டி வெறுமையாகத் தட்டுங்கள். ‘லொட்’ என்றால் விரிசல், அது ஒட்டவைத்துச் சரியாகிற சமாசாரம் இல்லை.

வாசித்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நாளைக்கும் வேண்டுமே, சுருதி சேர்ந்து நிற்கிறதே என்று அப்படியே வைக்கத் தோன்றும். எப்படியும் விடிவதற்குள் சுருதி ஏறிவிடும். தேங்கிய நல்ல தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம், ஒன்பது கிண்ணத்தில் வரிசையாக வைத்துக் கொடுக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊர்களில் உள்ளே வெள்ளை படியும். வாரம் ஒருமுறை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவுங்கள். துடைத்த கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது நடுவில் செய்தித்தாள் வையுங்கள், மி.லி. கணக்கு எழுதிய தாளை மேல் கிண்ணத்தில் போட்டு மூடுங்கள்.